வெள்ளைக் கோட்டில் ஒரு சிவப்புப் பைப்பிங்

அவளை எல்லோரும் யூனிபார்ம் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஓட்டல், காவலாளிகளை அனுப்பும் கம்பெனி என்று யார் எந்தச் சீருடை கேட்டாலும் அவள் வேலை செய்த தையற்கூடத்தில் தைத்துக் கொடுப்பார்கள். துணி வெட்டும் மேஜை அவள் பொறுப்பு. காலையில் தெருவில் நடந்தால் எதிரே போகிற முதுகுகளில் பாதி அவள் வெட்டியதாக இருக்கும். முகத்தைப் பார்த்து ஆளை ஞாபகம் வைத்துக்கொள்ளும் சாமர்த்தியம் அவளுக்குச் சுத்தமாகக் கிடையாது. சொந்த நாத்தனாரையே பேருந்து நிறுத்தத்தில் தெரியாமல் தாண்டிப் போய், அதற்காகக் குடும்பத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டவள். ஆனால் ஒரு காலரைப் பார்த்தால் போதும், எந்தக் கூடத்துத் தையல், எந்தப் பருவத்தில் தைத்தது என்று சொல்லிவிடுவாள். அந்தக் கண்தான் பிறகு அவளைக் கவிழ்த்தது.

சீருடைத் தையலில் யாருக்கும் அளவெடுக்கிற வழக்கம் இல்லை. சின்னது, நடுத்தரம், பெரியது, அதற்கும் பெரியது, அவ்வளவுதான். துணியை அடுக்கிப் போட்டு ஒரே வெட்டாக வெட்ட வேண்டும். போடுகிறவன் துணிக்குத் தக்கபடி தன்னைக் குறுக்கிக்கொண்டோ நிமிர்த்திக்கொண்டோ வாழப் பழகிக்கொள்வான். இத்தனை வருஷத்தில் அவள் ஒரு தனி மனிதருக்கென்று நாடா பிடித்தது அனேகமாக இல்லை.

அவள் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டினார். வீட்டிலும் தெருவிலும் அவருக்கு டிரைவர் என்றே பெயர். சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள்வரை டிப்போவில் கொடுத்த காக்கிதான் அவருக்கு உடை. மகளின் பள்ளி விழாவுக்கு வந்தாலும் ஷிஃப்டு முடிந்த கையோடு காக்கியில் வந்து கடைசி வரிசையில் நிற்பார். மகள் மேடையிலிருந்து முதலில் கண்டுபிடிப்பது அந்தக் காக்கியைத்தான். அவளுக்கு அதில் பெருமைதான். அவருக்குத்தான் மனசுக்குள் என்னவோ உறுத்தல்.

மகளின் கல்யாண வரவேற்பில் ஒன்று நடந்தது. டிரைவர் அன்றைக்கு வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட் போட்டுக்கொண்டு மண்டப வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டுச் சொந்தக்காரர் ஒருவர் காரை விட்டு இறங்கிய வேகத்தில் சாவியை அவர் கையில் திணித்து, "அந்த மரத்தடியில போட்டுடுப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பெண்ணைப் பெற்றவர் மறுபேச்சில்லாமல் மரத்தடியில் காரை நேராக நிறுத்திப் பூட்டி, சாவியையும் கொண்டுபோய்க் கொடுத்தார். மண்டபத்துப் படியில் நின்ற சம்பந்தி அம்மா அதைப் பார்த்தார். பார்த்தார் என்பது அக்காவுக்குத் தெரியும். சம்பந்தி அம்மா அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் ஒரு சண்டையோடு தீர்ந்திருக்கும். பேசாததால் அது அக்காவின் நெஞ்சில் முள்ளாக உட்கார்ந்துவிட்டது.

சம்பந்தி அம்மா பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் பள்ளி வாசலில் நின்று பிள்ளைகளைக் காலரிலிருந்து காலுறை வரை அளந்து உள்ளே விட்ட பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. சம்பந்தி வீட்டுக்கு வந்தாலும் வாசலில் ஒரு நொடி நின்று ஆட்களை மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் நுழைவார். மாப்பிள்ளை நல்ல பையன். அம்மா பேசி முடித்த பிறகு நேரம் மிஞ்சினால் பேசுவார்.

அந்த மாப்பிள்ளைதான் குடும்பத்தோடு கப்பலில் ஒரு வாரம் போய்வரலாம் என்று எல்லோருக்கும் டிக்கெட் போட்டார். கப்பல் கம்பெனியிலிருந்து வழவழப்பான தாளில் ஒரு புத்தகம் வந்தது. சம்பந்தி அம்மா தன் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு போனில் பாடம் நடத்தினார்.

"ரெண்டாம் நாள் சாயங்காலம் ஃபார்மல் நைட்டுன்னு போட்டிருக்கான். அன்னிக்கு ஆம்பளைங்க கோட்டு போட்டாத்தான் பெரிய டைனிங் ஹாலுக்குள்ள விடுவாங்க. கருப்பு, இல்லேன்னா வெள்ளை. வெறும் சட்டை, செருப்பு எல்லாம் வாசலோட சரி. சம்பந்திகிட்ட சொல்லிடுங்க."

அந்தக் கடைசி வார்த்தை அக்காவுக்குச் சுருக்கென்றது. சொல்லிவிட்டாள். டிரைவர் புத்தகத்தை வாங்கிக் கொஞ்ச நேரம் புரட்டினார்.

"ஒண்ணு கேட்டா செய்வியா?" என்றார்.

"என்ன?"

"எனக்கு ஒரு கோட்டு தச்சுக் குடு. கடையில வேண்டாம், நீ தை. ஒரு நாளாவது நான் யூனிபார்ம் இல்லாத துணியில, நாலு பேரு நடுவுல உக்காந்து, யாராவது பரிமாற சாப்பிடணும்."

கல்யாணமான நாளிலிருந்து இது வேண்டும் அது வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்காத மனிதர். "அதுக்கென்ன, தச்சுட்டாப் போச்சு" என்று அக்கா சாதாரணமாகச் சொல்லிவிட்டு நாடாவை எடுத்துவந்தாள்.

இத்தனை காலம் கூட வாழ்ந்தும் அவள் அவருக்கு அளவெடுப்பது அதுதான் முதல் தடவை. டிரைவர் ஏதோ பரிசோதனைக்கு நிற்பவர்போல விறைப்பாக நின்றார். "மூச்சை விடுங்க, தொப்பை தானா இறங்கட்டும்" என்றாள். கியர் போட்டுப் போட்டு அவருடைய ஒரு தோள் மற்றதைவிட இறங்கிப்போயிருப்பதை அவள் அன்றைக்குத்தான் கவனித்தாள். கண்ணால் பார்த்ததில்லை, நாடா வைத்தபோதுதான் தெரிந்தது. அந்தப் பக்கம் மட்டும் கொஞ்சம் பஞ்சு வைத்து உயர்த்த வேண்டும் என்று மனசில் குறித்துக்கொண்டாள். அவரிடம் சொல்லவில்லை.

மாதிரிக்கு எங்கே போவது? அதே புத்தகத்தில்தான் படம் இருந்தது. ஜொலிக்கிற சாப்பாட்டு மண்டபம். கருப்புக் கோட்டுக்காரர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு வாட்டசாட்டமான ஆள் நிமிர்ந்து நின்று சிரித்தார். இடுப்புவரை வருகிற வெள்ளைக் கோட்டு. காலர், பை வாய், கை விளிம்பு எல்லாவற்றிலும் அரக்குச் சிவப்பில் கயிறுபோல ஓடும் மெல்லிய பைப்பிங். அவருடைய இடது கை ஒரு பெரிய பூச்சாடிக்குப் பின்னால் மறைந்திருந்தது. அக்கா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். இத்தனை முதுகுகளில் அவள் கண் போய் உட்கார்ந்தது அந்த ஒரு கோட்டில்தான். இதுவே இருப்பதில் நேர்த்தியான தையல், இதுதான் டிரைவருக்கு என்று முடிவு கட்டினாள். எத்தனையோ வருஷம் சீருடையே வெட்டிய கண் வேறு எதில் போய் நிற்கும்? அந்தப் பூச்சாடிக்குப் பின்னால் மறைந்த கையில் என்ன இருந்தது என்று அவள் யோசிக்கவே இல்லை.

கோட்டு தயாரானதும் டிரைவர் போட்டுப் பார்த்தார். கண்ணாடி முன்னால் முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ப் பழைய பெல்ட்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் புது பெல்ட் வாங்கப் போனார். அக்கா அன்று பாத்திரம் கழுவும்போது தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

கப்பலில் ஏறும்போதே ஒரு இடைஞ்சல். அவள் கைப்பையில் வைத்திருந்த தையல் கத்தரிக்கோலைச் சோதனை வாசலில் எடுத்துவைத்துக்கொண்டார்கள். "இறங்கறப்போ வாங்கிக்குங்க மேடம்." கப்பலில் எதற்கு இவ்வளவு பெரிய கத்தரிக்கோல் என்று சம்பந்தி அம்மா கேட்டார். கத்தரிக்கோல் இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பினால் செருப்பில்லாமல் கிளம்பின மாதிரி இருக்கும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? சும்மா ஞாபகமறதி என்று சொல்லிச் சமாளித்தாள். ஊசியும் நூலும் வழக்கம்போல மார்புப் பக்கத் துணியில் குத்தியிருந்தன. அதை யாரும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் மதியம் டிரைவர் மாப்பிள்ளையோடு கப்பல் ஓட்டும் அறையைப் பார்க்கப் போனார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பயணிகள் பார்க்கலாம். போகும்போது கோட்டை அலமாரிக் கதவில் மாட்டி, அதன் தோளில் தூசி இல்லாத இடத்தைத் தட்டிவிட்டுத்தான் போனார்.

அக்கா வெந்நீர் பிடித்து வரலாம் என்று அறைக்கு வெளியே வந்தாள். நீளமான நடைபாதை, இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கதவுகள். அந்தக் கோடியிலிருந்து சலவைக்காரர் ஒருவர் சக்கரம் வைத்த கம்பித் தாங்கியைத் தள்ளிக்கொண்டு வந்தார். தாங்கி நிறைய வெள்ளைக் கோட்டு. ஒவ்வொன்றிலும் காலரில் அரக்குச் சிவப்புப் பைப்பிங். பை வாயில் பைப்பிங். கையில் பைப்பிங்.

அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். முதலில் தான் தைத்த கோட்டைத் திருடிவிட்டார்களோ என்று ஒரு பைத்தியக்கார எண்ணம்கூட வந்தது. இத்தனையையும் எப்படித் திருட முடியும்?

"இது யாருக்குங்க?" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"டைனிங் ஹால்ல பரிமாறுறவங்களுக்கு மேடம். சாதாரண நாள்ல கையில்லாத கருப்பு வெஸ்ட்தான். இன்னிக்கு ஃபார்மல் நைட் இல்லையா, அதான் இது" என்று அவர் சிரித்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போனார்.

வெந்நீர்க் குடுவையை அக்கா எங்கே வைத்தாள் என்று கடைசிவரை தெரியவில்லை. அறைக்குள் வந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். அலமாரிக் கதவில் கோட்டு அமைதியாகத் தொங்கியது. ஒரு நாளாவது யூனிபார்ம் இல்லாத துணியில் என்று கேட்ட மனிதருக்கு அவள் தன் கையால் யூனிபார்ம் தைத்துக் கொடுத்திருந்தாள். அதுவும் யார் முன்னால் போட்டுக்கொண்டு போக? மரத்தடியில் கார் நிறுத்தியதைப் பார்த்த சம்பந்தி அம்மா முன்னால்.

மகளுக்குப் போன் போட்டு வரச் சொன்னாள். மகள் வந்தாள், கேட்டாள், கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அப்பாகிட்ட சொல்லிடலாம்மா."

"சொன்னா என்ன போட்டுக்குவார்? வெறும் சட்டையோட வாசல்ல நிக்கச் சொல்றியா?"

"வாடகைக்குக் கோட்டு குடுப்பாங்களாம். நான் போய்ப் பாக்கறேன்."

அவள் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். எல்லாக் கோட்டும் காலையிலேயே போய்விட்டதாம். மிச்சம் இருந்தது இரண்டு. ஒன்று பையன்கள் போடுவது. மற்றது ஒரு பீரோவுக்குப் போர்த்தலாம்.

"அப்போ மேல் தளத்துல சாப்பிடலாம்மா. அங்க எப்படி வேணும்னாலும் போகலாம். அத்தைகிட்ட நான் ஏதாவது சொல்லிக்கறேன்."

"உங்கப்பா ஒத்துக்கணுமே" என்று அக்கா கோட்டைக் கையில் எடுத்தாள். "நீ போ. உங்கப்பாவை அங்கேயே பிடிச்சு நிறுத்தி வை. ஓட்டுறவனைப் பத்தி ஏதாவது கேளு, பேசிக்கிட்டே இருப்பார்."

மகள் போனதும் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கத்தரிக்கோல் கப்பல் வாசலில் பத்திரமாக இருந்தது. ஊசி முனையால்தான் பிரிக்க வேண்டும். பைப்பிங் என்பது மேலே ஒட்டி வைக்கிற நாடா அல்ல. இரண்டு துணிக்கு நடுவில் செருகி இறுக்கித் தைப்பது. தையலைப் பிரித்து, சிவப்பை உருவி எடுத்து, வாய் பிளந்து நிற்கும் விளிம்பை மறுபடி கையால் மூட வேண்டும். பிரியாமல் இருக்கட்டும் என்று அவளே நெருக்கி நெருக்கித் தைத்திருந்தாள். ஒவ்வொரு தையலாகத் தூக்கும்போது தன் கையையே திட்டிக்கொண்டாள். வேலையை இவ்வளவு சுத்தமாகச் செய்யச் சொல்லி யார் அழுதார்கள்?

காலர் முடிந்தது. வெள்ளைத் துணியில் ஊசித் துளைகள் வரிசையாக நின்றன. நகத்தால் நீவி நீவி மூடினாள். பைகள் முடிந்தன. கப்பல் மெல்ல ஆடியதில் ஊசி விரலில் ஏறியது. ரத்தம் வெள்ளையில் படாமலிருக்க விரலை வாயில் வைத்துக்கொண்டு ஒரு கையால் தைத்தாள். வெளியே நடைபாதையில் யார் நடந்தாலும் ஊசியை நிறுத்திக் காது கொடுத்தாள். இடது கை முடிந்தது. வலது கையில் முதல் தையலைத் தூக்கியபோது கதவு தட்டப்பட்டது.

"என்ன, பட்டப்பகல்ல தாழ்ப்பாள்?" என்றார் டிரைவர்.

கோட்டை மாட்டிவிட்டுக் கதவைத் திறந்தாள். அவர் உற்சாகமாக இருந்தார். "அந்த ஸ்டீரிங்கைப் பாக்கணுமே, சாப்பாட்டுத் தட்டு அளவுதான் இருக்கு. இத்தனை பெரிய வண்டிக்கு. அதையும் ஒருத்தனும் பிடிக்கலை, கையைக் கட்டிக்கிட்டு நிக்கறான்." பேசிக்கொண்டே சட்டையை மாற்றினார்.

"எனக்குத் தலை வலிக்குது. நாம ரெண்டு பேரும் மேலேயே சாப்பிட்டுடலாமா?" என்றாள் அக்கா.

அவர் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். "நீ வேணும்னா மேல சாப்பிடு. நான் போறேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் அவள் கோட்டை எடுத்துக் கொடுத்தாள்.

கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றவர் காலரைத் தடவினார். "இதுல சிவப்பா ஒரு கோடு இருந்துச்சே?"

"கடல் காத்துல சாயம் இறங்கற மாதிரி இருந்துது. வெள்ளையில ஏறிட்டா போச்சு. அதான் எடுத்துட்டேன்."

"இந்தக் கையில இருக்கு."

"அதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க. சட்டைக் கையைக் கொஞ்சம் வெளிய இழுத்து விட்டுக்குங்க, தெரியாது."

இத்தனை வருஷத்தில் அவள் அவரிடம் சொன்ன முதல் சுத்தமான பொய் அது. அவர் நம்பினார். சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். அந்த நம்பிக்கையைப் பார்க்கச் சகிக்காமல் அவள் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டாள்.

சாப்பாட்டு மண்டப வாசலில் சீருடை அணிந்த அதிகாரி ஒருவர் நின்று ஒவ்வொருவரையும் புன்னகையோடு மேலும் கீழும் பார்த்து உள்ளே விட்டார். முன்னால் போன ஒருவரைக் காதோடு ஏதோ சொல்லித் திருப்பி அனுப்பினார். அந்த ஆள் காலில் செருப்பு. சம்பந்தி அம்மா இதையெல்லாம் பள்ளி வாசலில் நிற்பவர்போல ரசித்தார். டிரைவர் முறை வந்தது. அதிகாரியின் பார்வை காலரில் நின்றது, இறங்கியது, வலது கைக்கு வந்தது. "வெல்கம் சார்" என்றார் அதிகாரி. உள்ளே போனார்கள்.

உள்ளே ஒவ்வொரு மேஜைக்கும் நடுவே வெள்ளைக் கோட்டுகள் தட்டு ஏந்திப் போய்வந்துகொண்டிருந்தன. டிரைவர் நடை தயங்கியது. "இவங்களும் வெள்ளைதான் போட்டிருக்காங்க" என்றார்.

"வெள்ளை எல்லாரும்தான் போடுவாங்க. அதோ பாருங்க, அந்தப் பெரியவரும் வெள்ளைதான்." கடவுள் புண்ணியத்தில் ஒரு மூலையில் விருந்தாளி ஒருவர் வெள்ளைக் கோட்டில் உட்கார்ந்திருந்தார்.

டிரைவர் அந்தப் பெரியவரைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் போன பரிமாறுகிறவரின் காலரைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அவள் மேஜை விரிப்பைப் பார்த்தாள். அவருக்குப் புரிந்ததா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

மேஜையை அடைந்ததும் டிரைவர், புத்தகத்தில் படித்த மரியாதை ஒன்றையும் விடாமல், சம்பந்தி அம்மா உட்காரும் நாற்காலியைப் பின்னால் இழுத்துப் பிடித்தார். சம்பந்தி அம்மா உட்கார்ந்தார். டிரைவர் அடுத்து மகளுடைய நாற்காலியை இழுத்தார். பிறகு அக்காவுடையதை. கையை நீட்டி இழுத்ததில் சட்டைக் கை உள்ளே போய், கோட்டின் வலது கை விளிம்பில் அரக்குச் சிவப்பு பளிச்சென்று தெரிந்தது.

அடுத்த மேஜையில் ஒருவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். திரும்பி, காலிக் கண்ணாடித் தம்ளரை டிரைவரின் கைக்கு நேரே நீட்டினார்.

"தம்பி, இங்கயும் கொஞ்சம் தண்ணி. எவ்வளவு நேரமா கேக்கறேன்."

டிரைவர் தம்ளரை வாங்கிவிட்டார். யார் எதை நீட்டினாலும் வாங்கியே பழகிய கை, யோசிக்காமல் வாங்கிவிட்டது. அரை அடி எடுத்தும் வைத்துவிட்டார். பிறகுதான் நின்றார். தன் கை விளிம்பைப் பார்த்தார். எதிரே தண்ணீர்க் கூஜாவோடு வந்துகொண்டிருந்தவரின் கை விளிம்பைப் பார்த்தார். மாப்பிள்ளை எழ முயன்று பாதியில் நின்றார். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். சம்பந்தி அம்மா அசையவில்லை.

அக்கா எழுந்தாள். கணவர் கையிலிருந்த தம்ளரை வாங்கி அந்த ஆளின் மேஜையிலேயே வைத்தாள்.

"அவர் பரிமாறுறவர் இல்லைங்க. எங்களோட சாப்பிட வந்தவர். கோட்டு நான் தச்சது. கப்பல் புத்தகத்துல இருந்த படத்தைப் பாத்து, யாருடையதுன்னு தெரியாம தச்சுட்டேன். தப்பு என்மேல."

அந்த ஆள் முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டார். இரண்டு தடவை கேட்டார். அதை யாரும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

டிரைவர் உட்கார்ந்தார். நாப்கினை விரித்து மடியில் போட்டார். சூப்பு வந்தது. அவர் கரண்டியைத் தொடவில்லை. மெதுவாகப் பேசினார், ஆனால் மேஜையில் எல்லோருக்கும் கேட்டது.

"சாயம் இறங்குதுன்னு சொன்ன."

"ஆமா."

"காக்கியைக் கழட்டி வெச்சுட்டேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். நீ எனக்கு வேற ஒண்ணை மாட்டி விட்டிருக்க."

அக்கா தட்டையே பார்த்தாள். சம்பந்தி அம்மாவின் பார்வை தன்மேல் இருப்பதை நிமிராமலேயே உணர்ந்தாள். மரத்தடிக் கார், இப்போது தண்ணீர்த் தம்ளர். இனி வாழ்நாளெல்லாம் அந்த வீட்டில் மகள் இதோடுதான் இருக்க வேண்டும் என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

ரொட்டித் தட்டோடு அவர்கள் மேஜைக்குப் பரிமாறுகிறவர் வந்தார். குனிந்து வைக்கும்போது அவருடைய வெள்ளைக் கோட்டு அக்குளில் இழுத்துக்கொண்டு, முதுகில் குறுக்கே மடிப்பு விழுந்தது. டிரைவரின் கண் அந்த மடிப்பில் நின்றது.

"தம்பி, இந்தக் கோட்டு உங்களுக்கு அளவெடுத்துத் தச்சாங்களா?"

அவர் கொஞ்சம் குழம்பினார். "இல்ல சார். நாலு சைஸ் இருக்கும், ஒண்ணை எடுத்துக்கணும். எனக்கு ஒண்ணு இறுக்கம், அடுத்தது தொளதொளன்னு இருக்கும். கையைத் தூக்கினா இழுக்கும்." டிரைவரின் தோளைப் பார்த்தார். "உங்களோடது நல்லா உக்காந்திருக்கே சார்."

டிரைவர் தன் கையை மேலே தூக்கினார். மேஜைக்கு மேலே, விளக்குக்கு நேரே தூக்கினார். எங்கும் இழுக்கவில்லை. மற்றக் கையையும் தூக்கினார். பிறகு கையைப் பின்னால் கொண்டுபோய், பரிமாறுகிறவர் பார்த்த தோளின் மேல் வைத்து அழுத்திப் பார்த்தார். உள்ளே வைத்திருந்த பஞ்சு அவர் விரலுக்குத் தட்டுப்பட்டிருக்க வேண்டும்.

"இது என்ன?"

"அந்தத் தோள் கொஞ்சம் இறங்கியிருக்கு" என்றாள் அக்கா. "அளவெடுத்தப்பதான் பாத்தேன். வெளிய தெரியாம இருக்கட்டும்னு வெச்சேன்."

"எனக்கே தெரியாது."

"நீங்க எப்படிப் பாப்பீங்க? உங்க தோள்."

அவர் கொஞ்ச நேரம் அந்தத் தோளிலேயே கையை வைத்துக்கொண்டிருந்தார். பிறகு சூப்புக் கிண்ணத்தை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, வலது கையை மேஜைக்குக் குறுக்கே அவள் முன்னால் நீட்டினார்.

"இதையும் பிரிச்சு விடு."

"இங்கயா? எல்லாரும் இருக்காங்க."

"பிரி. ஊசி வெச்சிருப்பியே."

ஊசி வைத்திருந்தாள். மார்புப் பக்கத் துணியிலிருந்து உருவினாள். வெள்ளிக் கரண்டிகளுக்கும் பளிங்குக் கிண்ணங்களுக்கும் நடுவில் கணவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அந்தப் புத்தகத்தில் எந்தக் கையில் எந்தக் கரண்டி என்பதுவரை போட்டிருந்தார்கள். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து துணி பிரிக்கலாமா என்று மட்டும் போடவில்லை. கண் கலங்கியிருந்ததாலும் வெளிச்சம் மங்கலாக இருந்ததாலும் முதல் தையல் அகப்படவில்லை. இரண்டாவது தடவையும் ஊசி நழுவியது.

மேஜை விரிப்பில் ஏதோ உரசும் சத்தம் கேட்டது. சம்பந்தி அம்மா நடுவிலிருந்த விளக்கை இரண்டு கையாலும் நகர்த்திக்கொண்டுவந்து, அக்காவின் கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"வெளிச்சத்துல பண்ணுங்க" என்றார். "விரல்ல குத்திக்கப் போறீங்க. ஏற்கெனவே குத்தியிருக்கு."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். சம்பந்தி அம்மா விளக்கின் மூடியைத் திருப்பி, வெளிச்சம் சரியாக ஊசி முனையில் விழுகிற மாதிரி பிடித்துக்கொண்டிருந்தார். அடுத்த மேஜைகளிலிருந்து திரும்பிப் பார்த்தவர்களை அவர் ஒரு பார்வை பார்த்தார். அவர்கள் முன்பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

தையல் ஒவ்வொன்றாகத் தூக்கப்பட்டது. அரக்குச் சிவப்பு நூல்கயிறு மெல்ல உருவி வந்து ரொட்டித் தட்டின் ஓரத்தில் சுருண்டு கிடந்தது. அவள் விளிம்பை மூடித் தைத்தாள். கத்தரிக்கோல் இல்லை, எனவே குனிந்து அவர் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் நூலைப் பல்லால் கடித்தாள். 

டிரைவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இப்ப இது என் கோட்டு" என்றார்.

பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, சூப்பு ஆறிவிட்டது, வேறு கொண்டுவர முடியுமா தம்பி என்று கேட்டார். அவர் கொண்டுவந்து குனிந்து வைத்தார். டிரைவர் நிமிர்ந்து உட்கார்ந்து, அவர் வைத்து நகரும்வரை காத்திருந்து, கரண்டியை எடுத்தார். அக்கா மடியிலிருந்த நாப்கினால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்கும் ஏதாவது விதி இருக்கிறதா என்று சம்பந்தி அம்மாவிடம் கேட்கவில்லை.